டிவியில் 'நோ சிக்னல்' என்று வந்தால்: கடலூர், புதுச்சேரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

இந்தக் கடற்கரைக்குக் குடிவந்தவர்கள் முதல் ஐப்பசியிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மழை இன்னும் தெருவுக்கு வந்திருக்காது, வானம் மட்டும் கறுத்திருக்கும். அதற்குள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு முகம் பாதியில் உறைந்து, 'நோ சிக்னல்' என்று வந்து நிற்கும். மழை விட்டதும் தானாகத் திரும்பி வரும். அது பழுதே இல்லை. ஆனால் மழை விட்டு இரண்டு நாளாகியும் வரவில்லை என்றால்தான் இந்தக் கட்டுரை.

நான் தேவனாம்பட்டினம் பக்கம் குடிவந்த புதிதில், படம் போனதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தவர் டிவி ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அழுத்தினார், படம் வந்தது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் அழுத்தியது 'சோர்ஸ்' பட்டன். வீட்டில் யாரோ தெரியாமல் டிவியை வேறு இணைப்புக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்: மாடி ஏறுவதற்கு முன்னால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், டிவிக்குப் பக்கத்தில் மூன்று அடிக்குள் இருப்பதை முதலில் பார்ப்பது என்று. இன்றுவரை எங்கள் தெருவில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை அந்த மூன்று அடிக்குள்தான் இருந்திருக்கின்றன. அடுத்த இடம் வெளியே உள்ள ஒயர் கனெக்டருக்கு. டிஷ் கடைசியில்தான் வரும். நாம் என்னவோ முதலில் டிஷ்ஷைப் போய் ஆட்டுகிறோம்.

சிக்னல் வரும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள். அங்கிருந்து மொட்டை மாடி டிஷ், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில், டிஷ் குவித்துத் தரும் சிக்னலைப் பிடிக்கும் சின்ன டப்பாவான எல்.என்.பி., அதிலிருந்து ஒயர், ஒயர் முடியும் இடத்தில் செட்டாப் பாக்ஸ், பாக்ஸிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. ஒயரோ சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரோ, கடைசியில் டிவி. நாம் டிவியிலிருந்து பின்னோக்கிப் போகப் போகிறோம்.

முதலில், யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

திரையில் வரும் 'நோ சிக்னல்' இரண்டு வகை. ஒன்று டிவி சொல்வது, இன்னொன்று செட்டாப் பாக்ஸ் சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அரை நாள் வீண். பிரித்தறிவது சுலபம்: செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்து 'மெனு' அழுத்துங்கள். மெனு திரையில் வந்தால் டிவியும் நல்லது, நடுவில் உள்ள ஒயரும் நல்லது, பாக்ஸும் உயிரோடு இருக்கிறது. பிரச்சினை பாக்ஸுக்கு அப்பால், மாடிப் பக்கம். மெனு வரவே இல்லை என்றால் பிரச்சினை பாக்ஸுக்கு இப்பால், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்.

மெனு வராதவர்கள் டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி ஹெச்.டி.எம்.ஐ. 1, 2, ஏ.வி. என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி பொறுங்கள். அதிலும் வரவில்லையா, ஒயரை இரண்டு முனையிலும் பிடுங்கிச் செருகுங்கள். இந்த ஊர்க் காற்றில் வீட்டுக்குள் இருக்கும் ஒயரின் முனைகூட மங்கிப்போகும். பிடுங்கிச் செருகும்போது அந்த மங்கல் உரசிப் போய்விடுவதே பல நேரம் போதும்.

பாக்ஸும் அதன் அடாப்டரும்

பாக்ஸில் விளக்கே எரியவில்லையா? பாக்ஸ் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் போவது அடாப்டர்தான். நிறைய பாக்ஸ்களுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான் வருகிறது. உங்களுடையதன் மேல் அச்சடித்திருப்பதைப் படித்து, அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே அளவு பின் உள்ளதாகப் பார்த்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கலாம். வோல்ட் மட்டும் மாறவே கூடாது.

பாதி செத்த அடாப்டர்தான் ஆளை ஏமாற்றும். விளக்கு எரியும், பாக்ஸ் ஆன் ஆகும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். இல்லையென்றால் பாதிச் சேனல் வரும், பாதி வராது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாக்ஸ்தான் அதே ஒயர் வழியாக மாடியில் இருக்கும் எல்.என்.பி.க்கும் கரண்ட் அனுப்புகிறது. சில சேனல்களுக்கு 13 வோல்ட், மற்றவற்றுக்கு 18 வோல்ட். நெடுக்காக ஆடும் அலையைப் பிடிப்பதா, குறுக்காக ஆடும் அலையைப் பிடிப்பதா என்பதை எல்.என்.பி. அந்த வோல்ட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அடாப்டர் சோர்ந்துவிட்டாலோ ஒயரில் எங்காவது கசிந்தாலோ 18 வோல்ட் போய்ச் சேராது. அதற்குரிய சேனல்கள் மட்டும் காணாமல் போகும். "தம்பி, சீரியல் சேனல் வருது, செய்திச் சேனல்தான் வரல, பணம் கட்டலையோ?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டது இந்தக் கதைதான். பணமெல்லாம் கட்டியிருந்தார். பக்கத்து வீட்டு அடாப்டரை ஐந்து நிமிடம் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தோம், எல்லாம் வந்துவிட்டது.

பணம் கட்டாததால் வரும் செய்தி வேறு மாதிரி இருக்கும். அது 'சிக்னல் இல்லை' என்று சொல்லாது, ரீசார்ஜ் செய்யச் சொல்லும் அல்லது இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை என்று சொல்லும். ஊருக்குப் போய்விட்டுப் பல நாள் கழித்து பாக்ஸைப் போட்டால், பணம் கட்டியிருந்தாலும் சில நேரம் இப்படி வரும். பாக்ஸை ஆன் செய்து அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, நிறுவனத்தின் செயலியிலோ தொலைபேசியிலோ 'ரெஃப்ரெஷ்' கேளுங்கள். இதற்காக மாடி ஏற வேண்டாம்.

மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதில் தனியார் சேனல்களுக்கான இடம் ஏலத்தில் விடப்படுகிறது. அதனால் நேற்று இருந்த சேனல் இன்று இடம் மாறும், சில போய்விடும், புதிதாகச் சில வரும். எல்லாம் போகாமல் ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால் முதலில் 'ஆட்டோ ஸ்கேன்' போட்டுப் பாருங்கள்.

சிக்னல் பக்கத்தைப் படிப்பது

எல்லா பாக்ஸ் மெனுவிலும் எங்காவது ஒரு சிக்னல் பக்கம் இருக்கும். அமைப்பு, நிறுவல், சிஸ்டம் தகவல் என்று பெயர் மாறலாம். அதில் இரண்டு கோடு: 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி'. புதியவர்கள் முதல் கோட்டைப் பார்த்து ஏமாறுவார்கள். ஸ்ட்ரெங்த் என்பது ஒயர் வழியாக ஏதோ ஒன்று வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். டிஷ் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்.என்.பி. உயிரோடு இருந்தால் ஸ்ட்ரெங்த் பாதி அளவு காட்டும். வந்தது நம் செயற்கைக்கோளின் சிக்னல்தானா, சுத்தமாக வந்ததா என்று சொல்வது குவாலிட்டி.

இரண்டுமே பூஜ்யம் என்றால் ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் அரித்திருக்கலாம், எல்.என்.பி. போயிருக்கலாம். ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி மட்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் டிஷ் திரும்பிவிட்டது. குவாலிட்டி ஏறி இறங்கி ஆடுகிறது என்றால் கனெக்டர் தளர்ந்திருக்கும், இல்லை காற்றில் டிஷ் ஆடும். இரண்டும் நன்றாக இருந்தும் படம் வரவில்லை என்றால் மாடிப்படி பக்கமே போக வேண்டாம், அது பாக்ஸ் அல்லது ரீசார்ஜ் விவகாரம்.

நல்ல வெயில் நாளில், படம் நன்றாக வரும்போது, இந்தப் பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸுக்குப் பாக்ஸ் அளவு மாறுவதால் உங்கள் வீட்டு நல்ல நாள் எண்தான் உங்களுக்கு அளவுகோல். நோய் வந்தபின் ரத்த அழுத்தம் பார்த்தால், பழைய அளவு தெரியாத டாக்டர் என்ன செய்வார்?

பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் கொசு பறக்கும், கதையாவது காதில் விழும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. குவாலிட்டி ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே கொஞ்ச நேரம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆகவே 'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது' என்பதை நம்பாதீர்கள். பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நேற்றுதான் விளிம்பைத் தாண்டியிருக்கும்.

எப்போது போகிறது?

நல்ல மெக்கானிக் வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பலத்த மழையில் மட்டும் போய்த் திரும்பினால், அது இந்த அலைவரிசையின் குணம். டி.டி.ஹெச். அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில்தான். பெரிய மழைத்துளிகள் அதைச் சிதறடித்தும் உறிஞ்சியும் விடுகின்றன. நம் ஊரில் டிஷ் வானத்தின் உச்சியை ஒட்டிப் பார்ப்பதால், உங்கள் தலைக்கு மேலோ தென்கிழக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளோ கனமழை இருந்தாலே போதும். அதனால்தான் மழை தெருவுக்கு வருவதற்கு முன்பே படம் போகிறது. சின்னத் தூறலுக்கே போகிறது என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கும், அல்லது கனெக்டருக்குள் தண்ணீர்.

விடியற்காலை பனியில் போய், வெயில் ஏறியதும் வந்தால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது. மாறாக, சித்திரை மதியத்தில் போய் இரவில் வந்தால் எல்.என்.பி. சூட்டில் தடுமாறுகிறது, மாற்ற வேண்டியதுதான். காற்று அடிக்கும்போது மட்டும் போனால் போல்ட் தளர்ந்திருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், சில நிமிடம் படம் போகும். வானத்தில் மேகமே இருக்காது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, தன் இரைச்சலால் சிக்னலை மூழ்கடிப்பதுதான் காரணம். ஃப்ரீ டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு நம் ஊரில் இது காலை 11 மணி வாக்கில் நடக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், சில நாளில் விலகிவிடும்.

ஒயரும் உப்பும்

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். முதுநகர், தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் போன்ற இடங்களில் டிஷ்ஷின் உண்மையான எதிரி மழையில்லை, உப்புக் காற்று. எல்.என்.பி.யில் ஒயர் திருகப்பட்டிருக்கும் அந்த உலோகக் கனெக்டர்தான் முதலில் சாகும். வெளியே துருப்பிடித்து, உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறும்.

முதலில் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயரில் கரண்ட் ஓடுகிறது என்றேனே, நடுக்கம்பியும் வெளி வலையும் தொட்டுக்கொண்டால் பாக்ஸ் போய்விடலாம். அப்புறம் எல்.என்.பி. முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நீட்டியிருக்கும் கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். கறுத்திருந்தாலோ பச்சையாக இருந்தாலோ சுரண்டிச் சரிசெய்வது இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். அரையடி ஒயரை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுவதுதான் வேலை. வெட்டிய இடத்திலும் உள்ளே வலை கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். எவ்வளவு வெட்டினாலும் கறுப்பாகவே வந்தால் ஒயர் முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது. புது ஒயர்தான். ஒருமுறை நான் பார்த்த வீட்டில் தண்ணீர் ஒயருக்குள்ளேயே இறங்கி வந்து பாக்ஸின் பின்புறம் சொட்டிக்கொண்டிருந்தது!

கனெக்டர் போடும்போது நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி ஓரிரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் போதும். வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. திருகிய பிறகு சாதாரண இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி நிம்மதியாக இருக்காதீர்கள், நம் வெயிலில் அதன் பசை உருகி அவிழ்ந்துவிடும். ரப்பர் போல இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் டேப் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கனெக்டருக்குக் கீழே ஒயர் ஒரு கை அளவு தொங்கி வளைந்து மேலேறட்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

புது ஒயர் வாங்கினால் ஆர்.ஜி.6 என்று கேளுங்கள். நடுக்கம்பியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். அது வேலை செய்யும், ஆனால் கடற்கரை வீட்டில் சீக்கிரம் துருப்பிடிக்கும். முழுச் செம்பு விலை கூட, இருந்தாலும் இங்கே அதுதான் மலிவு.

அணில் கடித்த ஒயர், பெயின்ட் அடிக்க வந்தவர் இழுத்துவிட்ட ஒயர், ஜன்னல் கதவில் நசுங்கிய ஒயர் எல்லாம் கண்ணாலேயே தெரியும். இன்னொரு டிவிக்கு இணைப்பு கொடுக்க, கேபிள் டிவி ஸ்பிளிட்டரை டிஷ் ஒயரில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டாவது பாக்ஸுக்கு இரண்டு வாய் உள்ள எல்.என்.பி.யும் தனி ஒயரும் வேண்டும்.

டிஷ்ஷைத் தொடுவதற்கு முன்

ஈரம் காயாத மாடியில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். இடி இருந்தால் கீழேயே இருங்கள். டிஷ் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டியிருந்தாலோ பக்கத்தில் மின்கம்பி போனாலோ அது உங்கள் வேலையே இல்லை.

முதலில் தெருவைப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீடுகளில் எல்லாம் அது ஒரே திசையில், ஒரே சாய்வில் இருக்கும். உங்களுடையது மட்டும் வேறு பக்கம் பார்த்தால் விடை கிடைத்துவிட்டது. இதைவிட நல்ல கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

திசை தெரிய வேண்டுமா? ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அது ஏறக்குறைய தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில். டாடா பிளே பயன்படுத்தும் 83 டிகிரி இடம், நேர் தெற்கிலிருந்து 15 டிகிரிதான் கிழக்கே, உயரம் 75 டிகிரிக்கும் மேல். ஏர்டெல்லுக்கான 108.2 டிகிரி இடம் கிழக்கை ஒட்டி, உயரம் 54 டிகிரி வாக்கில். டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றாது. எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்கிறது என்று சண்டைக்கே போனவர்கள் உண்டு. எல்.என்.பி.யின் கை கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால் வரும் கண்மயக்கு அது.

இவ்வளவு உயரம் என்பதால் நமக்கு ஒரு சலுகை. டிஷ்ஷைவிட பத்து மீட்டர் உயர்ந்த தென்னைகூட, ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவருக்கு நான்கு மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். ஏர்டெல்காரருக்கு ஏழு மீட்டர் தள்ளி நின்றாலும் மறைக்கும். மரத்தை வெட்டுவதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பேசப் போகும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

திருப்புவது நூலளவு வேலை. அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி மாறிவிடும். இரண்டு மூன்று டிகிரி தவறினால் சிக்னலே கிடையாது. இப்போது இருக்கும் நிலையை முதலில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக் குறியுங்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல், தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ஒருவர் கீழே குவாலிட்டி கோட்டைப் பார்த்துக் கைபேசியில் எண்ணைச் சொல்லட்டும். கொஞ்சம் நகர்த்தி, மூன்று விநாடி நின்று, எண்ணைக் கேட்டு, மறுபடி நகர்த்துங்கள். பாக்ஸ் யோசிக்க நேரம் கொடுக்காமல் ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதலில் இடவலம், அது உச்சத்துக்கு வந்த பிறகு மேல்கீழ். போல்ட்டை இறுக்கும்போதே டிஷ் கொஞ்சம் விலகும், ஆகவே மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். இருபது நிமிடத்தில் வரவில்லை என்றால் பழைய கோட்டுக்கே திருப்பிவைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கேபிள் இணைப்பு என்றால்

கடலூரில் அரசு கேபிளோ தனியாரோ, புதுச்சேரியில் தனியாரோ, முதல் கேள்வி ஒன்றுதான்: பக்கத்து வீட்டில் வருகிறதா? வரவில்லை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட்டுவிட்டு உட்காருங்கள். நம் வீட்டில் கரண்ட் இருந்தும் கேபிள் போவதற்குக் காரணம், வழியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு அந்தத் தெருவில் கரண்ட் போனதாக இருக்கலாம். உங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். இரண்டு வாய் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைப் பாதியாக்கும். கீழ்வீடு, மேல்வீடு, சமையலறை என்று வரிசையாகப் பிரித்தால் கடைசி டிவிக்கு மிஞ்சுவது சொற்பம். ஸ்பிளிட்டரைத் தாண்டி நேராகச் செருகிப் பாருங்கள்.

புயலுக்கு முன்னும் பின்னும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. ஆகவே இங்கே டிஷ் வைத்திருப்பவர் புரட்டாசியிலேயே போல்ட்டுகளைப் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றி, கொஞ்சம் கிரீஸ் தடவிவிட வேண்டும். பெரிய புயல் நம் பக்கம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், மழை தொடங்கும் முன் கோடு போட்டுக் குறித்துவிட்டு டிஷ்ஷைக் கம்பத்திலிருந்து கழற்றி இறக்கி வையுங்கள். பறந்து போகும் தகடு உங்கள் டிவியைவிட அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் பெரிய தொல்லை. பாக்ஸின் பிளக்கையும் பின்னால் உள்ள டிஷ் ஒயரையும் சேர்த்தே பிடுங்கி வையுங்கள்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வந்தால் "அண்ணே, டிவி வரல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மெனு வருது, ஸ்ட்ரெங்த் 60, குவாலிட்டி பூஜ்யம், அடாப்டர் மாத்திப் பார்த்தாச்சு, எல்.என்.பி. கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கு" என்று சொல்லுங்கள். கனெக்டரும் ஒயரும் எடுத்துக்கொண்டு வருவார். ஒரே நடையில் வேலை முடியும்.